ஒரு பிடி அரிசி

(யூபிலி விழாப் பொதுக்கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"ஏழை எளிய குடும்பங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நாம் செய்யக்கூடியது என்ன?" என்ற பொருளில் பேச வேண்டும் என்று உங்கள் பங்குத்தந்தை என்னைக் கேட்டுக்கொண்டார். நான் பேச்சாளன் அல்லன். செஞ்சிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, பல ஊர்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். வாத்தியாருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டே இருப்பார். உங்களுக்கு அலுப்புத் தட்டினால் யாராவது கோயில் மணியை அடித்துவிடுங்கள், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

களஞ்சியமும் கலயமும்

செஞ்சிக் கோட்டையை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டபோது, அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்தது நம் செஞ்சி ஒன்றுதான். நமக்கெல்லாம் பெருமை. அந்தக் கோட்டைக்குள் கல்யாண மகாலைப் பார்ப்போம், பீரங்கியைப் பார்ப்போம், மலை ஏறி இறங்குவோம். ஆனால் தடித்த சுவர்களும் வளைவான கூரையும் கொண்ட நெற்களஞ்சியத்தின் முன்னால் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்? 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை இந்தக் கோட்டையை முற்றுகை இட்டது. இப்படிப்பட்ட நாட்கள் வரும் என்று அரசர்களுக்குத் தெரியும். உள்ளே நெல் இருந்தால்தான் கோட்டை நிற்கும் என்பதும் தெரியும். அதனால்தான் அவ்வளவு பெரிய களஞ்சியம்.

அரசனுக்குக் களஞ்சியம் இருந்தது. என் தாயாருக்கு ஒரு மண் கலயம் இருந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் தினமும் நெல்லுச்சோறு கிடையாது. கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும்தான் அதிகம். அரிசி உலையேறும் நாளில் என் தாயார் ஆழாக்கில் அரிசியை அளந்து முறத்தில் கொட்டுவார்கள். பிறகு அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து, அடுப்பங்கரை மூலையில் இருந்த கலயத்தில் போடுவார்கள். அளந்த பிறகுதான் எடுப்பார்கள். அளப்பதற்கு முன்பு அல்ல. "ஏம்மா, நமக்கே பத்தாதே, அதில் போய் எடுக்கிறாயே?" என்று ஒருநாள் கேட்டேன். "பானையிலிருந்து எடுத்தால் நமக்குத் தெரியாதுடா. நம்ம சோத்திலிருந்து எடுத்தாத்தான் தெரியும்" என்றார்கள். அந்தக் கலயம் நிறைந்ததும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போவார்கள். யார் வீட்டுக்கு என்று எங்களிடம் சொன்னதே இல்லை. அவர்கள் இறந்த பிறகுதான், அழ வந்தவர்களிடமிருந்து எங்களுக்கு அது தெரிந்தது.

இந்தப் பிடியரிசி வழக்கம் என் தாயார் கண்டுபிடித்தது அல்ல; கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதும் அல்ல. காஞ்சி மகாபெரியவர் பிடியரிசித் திட்டத்தை வீடுதோறும் வலியுறுத்தினார். வடகிழக்கே மிசோரம் மலைநாட்டில், கிறிஸ்தவப் பெண்கள் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். 1910-ஆம் ஆண்டளவில் தொடங்கிய வழக்கம் அது. அந்தப் பிடியரிசியை விற்ற பணம் இன்று ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் சேர்ந்து அவர்கள் திருச்சபையின் பணிகளை நடத்துகிறது. விவிலியத்தில் சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளிடம் இருந்தது ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும்தான். அதைச் சுட்டுத் தானும் மகனும் தின்றுவிட்டுச் சாவோம் என்றிருந்தவளிடம் எலியா இறைவாக்கினர் வந்து தமக்கு முதலில் ஓர் அப்பம் கேட்டார். அவளும் கொடுத்தாள். பிறகு அந்தப் பானை காலியாகவே இல்லை.

தாது வருஷத்துப் பாடம்

பெரியவர்கள் வாயில் இன்னும் இருக்கும் ஒரு சொல் "தாது வருஷப் பஞ்சம்". 1876-இல் மழை பொய்த்தது. 1878 வரை தென்னாட்டில் பஞ்சம் நீடித்தது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். தானியமே இல்லாமல் அவர்கள் சாகவில்லை, அன்பர்களே. தானியம் இருந்தது, மூட்டை மூட்டையாக ரயிலில் போயிற்று, கப்பலில் ஏறிற்று. வாங்கக் காசு இல்லாதவன் செத்தான். நிவாரண வேலைக்குப் போன ஆண்மகனுக்கு நாள் முழுதும் உழைத்தால் ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877 தொடக்கத்தில் அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். உடல் உழைப்பவனுக்கு அது போதாது என்று மருத்துவர்களே எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த நாட்களில் பிரான்சிலிருந்து வந்த குருக்கள் இந்த ஆற்காட்டுச் சீமைக் கிராமங்களில் பசித்தவர்களோடு இருந்தார்கள். நமக்கு வடக்கே சேத்துப்பட்டில் லூர்து அன்னை ஆலயத்தை எழுப்பிய தாராஸ் சுவாமிகளை இந்தப் பகுதியில் அறியாதவர் யார்? அந்தப் பஞ்சத்துக்கு முன்பே, பழைய தென்னார்க்காட்டின் மறு கோடியான வடலூரில், 1867 மே 23 அன்று வள்ளலார் தருமசாலையில் ஓர் அடுப்பை மூட்டினார். அது அணையாமல் இன்றும் எரிகிறது. நம் மதத்தவர் அல்லர் என்பதற்காக அந்த அடுப்பின் முன் நாம் தலை வணங்காமல் இருக்க முடியுமா?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தாது வருஷத்துப் பசி வெளியில் தெரிந்த பசி. சாலையோரத்தில் கிடந்தது. இன்றைய கஷ்டம் அப்படி இல்லை. நியாயவிலைக் கடையில் 2011 முதல் அரிசிக்கு விலை இல்லை. பள்ளியில் மதிய உணவு 1956-இல் காமராசர் காலத்தில் வந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் தொடங்கியது. 2024 ஜூலையில் அது கிராமப்புற அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. இவையெல்லாம் பெரிய காரியங்கள். பசித்த பிள்ளைக்குப் பாடம் நடத்திப் பார்த்தவன் நான். அதன் அருமை எனக்குத் தெரியும்.

அப்படியென்றால் இன்று கஷ்டப்படும் குடும்பம் எங்கே இருக்கிறது? கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்கிறது. முன்பணம் வாங்கிவிட்டுச் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற குடும்பத்தில் பிள்ளையின் படிப்புப் பாதியில் நிற்கிறது. குழுக் கடனுக்குத் தவணை கட்ட இன்னொரு குழுவில் கடன் வாங்குகிற தாய் இரவு தூங்குவதில்லை. குடிகாரத் தகப்பன் வீட்டுப் பெண்பிள்ளை பரீட்சைக்குப் படிக்கத் தெருவிளக்கைத் தேடுகிறாள். 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் விஷச் சாராயம் குடித்து எத்தனை பேர் இறந்தார்கள்! செய்தித்தாளில் இறந்தவர் எண்ணிக்கை வந்தது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் எண்ணிக்கையை யார் எண்ணினோம்?

வெள்ளை வேட்டி கட்டியவன் வீட்டிலும் கஷ்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நமக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டிருப்பவன் வீட்டிலும் இருக்கலாம். நாம் அந்த வீட்டு வாசற்படி ஏறினால்தான் அது தெரியும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்: தர்மம் என்பது பொருளைக் கொடுப்பது மட்டும் அல்ல, வாசல் மிதிப்பது, உட்காருவது, மறுபடியும் போவது.

ஷத்தியோனும் பாரிசும்

1617 ஆகஸ்டு மாதம். பிரான்சு நாட்டில் ஷத்தியோன் என்ற சிற்றூர். புனித வின்சென்ட் தே பவுல் அங்கே பங்குக்குரு. ஊருக்கு வெளியே ஒரு குடும்பமே நோயில் விழுந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் பிரசங்கத்தில் சொன்னார். அன்று மாலை அவர் போய்ப் பார்த்தால், வழிநெடுகப் பெண்கள் சாரி சாரியாகச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிறார்கள்! நம் ஊராக இருந்தால் என்ன செய்வோம்? புகைப்படம் எடுத்து, மலரில் போட்டு, மகிழ்ந்திருப்போம். அவர் மகிழ்ந்தார், கூடவே கவலையும் பட்டார். இன்றைக்கு வந்த உணவு மிஞ்சிக் கெட்டுப்போகும். நாளைக்கு அவர்கள் பட்டினி கிடப்பார்கள் என்று எண்ணினார். அன்பு இருக்கிறது, ஒழுங்கு இல்லை என்று கண்டார். இன்று யார், நாளை யார் என்று முறை வைத்து, அந்த ஊர்ப் பெண்களைக் கொண்டே ஒரு பிறரன்புச் சபையை அந்த ஆண்டிலேயே அமைத்தார்.

இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு பாரிஸ் மாநகரில் பிரடெரிக் ஓசானாம் என்ற மாணவர் இருந்தார். திருச்சபை முன்பு பெரிய காரியங்கள் செய்தது உண்மை, இப்போது ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று மாற்றுக் கருத்துடைய மாணவர்கள் அவரைக் கேட்டார்கள். அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. 1833 ஏப்ரல் 23 அன்று, அதாவது அவருக்கு 20 வயது நிறைந்த அன்றே, சில மாணவ நண்பர்களோடும் எம்மானுவேல் பாய்யி என்ற பெரியவரோடும் கூடி ஒரு சிறு சபையைத் தொடங்கினார். அதுதான் புனித வின்சென்ட் தே பவுல் சபை. ஏழைகளின் வீட்டுக்குள் எப்படிப் போவது என்றுகூட அந்தப் படித்த இளைஞர்களுக்குத் தெரியாது. சேரிப் பகுதியில் பணியாற்றிய சகோதரி ரோசலி ரெந்து என்ற கன்னியர்தான் வழி காட்டினார். 1997-இல் ஓசானாமும் 2003-இல் ரோசலி ரெந்துவும் அருளாளர்களாக உயர்த்தப்பட்டார்கள்.

அந்தச் சபையின் முறை என்ன? இருவர் இருவராகப் போவது. ஏழையை நம்மிடம் வரச் சொல்லாமல், நாம் அவன் வீட்டுக்குப் போவது. ஒருமுறை அல்ல, தொடர்ந்து போவது. கூட்டத்தில் பை சுற்றி வரும்போது யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாமல் போடுவது. கேட்டதையும் கண்டதையும் வெளியில் சொல்லாதிருப்பது. எளிய விதிகள்தாம். இவற்றை மீறியவன் நான் என்பதால் இவற்றின் அருமை எனக்குத் தெரியும். அதை இந்த மேடையில் சொல்வது எனக்கு எளிதல்ல. ஆனாலும் சொல்லவேண்டும்.

நான் செய்த பிழை

சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நான் வேறோர் ஊரில் வேலை பார்த்தேன். அந்த ஊரின் பெயர் வேண்டாம். கிறிஸ்துமஸ் வந்தது. ஏழைகளுக்குச் சேலை, வேட்டி வழங்க நாங்கள் சிலர் முயற்சி எடுத்தோம். பணம் நன்றாகச் சேர்ந்தது. மேடை போட்டோம். ஒலிபெருக்கி என் கையில். பட்டியலைப் படித்தேன். ஒரு தாயின் பெயரைச் சொல்லி, "கணவனை இழந்து, மல்லாட்டை உடைத்துப் பிழைக்கும் ஏழை" என்று என் சொந்தச் சரக்கையும் சேர்த்துச் சொன்னேன். கேட்பவர் மனம் இளகட்டும் என்று நினைத்தேன். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு வந்து சேலையை வாங்கினார்கள். "இந்தப் பக்கம் பாருங்கள்" என்று புகைப்படக்காரர் சொன்னார். கூட்டம் கைதட்டியது. அந்த அம்மாளின் மகன் எட்டாம் வகுப்பில் என் மாணவன். கூட்டத்தில் பையன்களோடு உட்கார்ந்திருந்தான்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. அவன் வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு வாரம் ஆயிற்று. ஆள் விட்டேன், பயனில்லை. மூன்றாவது வாரம் நானே போனேன். அது ஊர்க் கோடியில் இருந்த தெரு. அத்தனை ஆண்டுகள் அந்த ஊரில் இருந்தும் அந்தத் தெருவுக்குள் நான் போனது அன்றுதான் முதல் தடவை. அந்த அம்மாள் பாயை உதறித் திண்ணையில் போட்டார்கள். பளபளவென்று துலக்கிய ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். "ஐயா, ஒரு வாய் குடிங்க" என்றார்கள். "இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன்" என்றேன்.

அது பொய். வெயிலில் நடந்து வந்தவனுக்குத் தாகம் எடுக்காமல் இருக்குமா? எந்தத் தெருவில் தண்ணீர் குடிப்பது, எந்தத் தெருவில் குடிக்காதிருப்பது என்று சிறுவயதிலிருந்தே பழகிப்போன நாக்கு அது. அந்த அம்மாளுக்கு அது புரிந்தது. சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

பையனைப் பற்றிக் கேட்டேன். "ஐயா, சேலை நல்ல சேலைதாங்க. ஆனா உடுத்த முடியலை. உடுத்தினா இது தர்மச் சேலைன்னு ஊருக்கே தெரியுது. இவனைப் பசங்க சேலை, சேலைன்னு கூப்பிடறாங்களாம். மாமனோட சூளைக்குப் போறேன்னு ஒத்தக் காலில் நிக்கிறான்" என்றார்கள். பையன் உள்ளேதான் இருந்தான். வெளியே வரவில்லை. அதற்கடுத்த வாரம் சூளைக்குப் போய்விட்டான். பள்ளிக்குத் திரும்பவே இல்லை.

ஒரு சேலையைக் கொடுத்தேன். ஒரு பிள்ளையின் படிப்பை எடுத்துக்கொண்டேன். இந்தக் கணக்கை அந்த நாள் முதல் நான் மறக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்துத் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஒருவர் என் முன்னால் வந்து நின்றார். அவன்தான். கொத்தனார் வேலை செய்வதாகச் சொன்னார். "சார், டீ சாப்பிடுங்க" என்றார். இந்தத் தடவை நான் மறுக்கவில்லை. காசையும் அவரே கொடுத்தார். பெண் பத்தாவது படிக்கிறாள் என்றார். "நடுவில் நிறுத்திவிடாதே தம்பி" என்றேன். "நிறுத்தமாட்டேன் சார். யார் உதவினாலும் வாங்கிக்குவேன். மேடைக்கு மட்டும் அவளைக் கூப்பிட வேணாம்" என்றார். என்னைக் குறைகூறி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாம் செய்யக்கூடியவை

அன்பர்களே, அழுதுகொண்டிருந்தால் போதாது. செய்யவேண்டியவை என்று நான் கண்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டாம்.

முதலாவது, தர்மத்துக்கு முன்னால் நீதி. நம் வயலில் நாற்று நட்டவளுக்கும், நம் வீட்டுக்குச் சுவர் எழுப்பியவனுக்கும் கூலியை அன்று மாலையே கொடுத்துவிடுவோம். "நாளைக்கு வா" என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அன்றிரவு அந்த வீட்டில் உலை கொதிக்காது. கொடுக்கவேண்டிய கூலியை வைத்துக்கொண்டு கோயில் உண்டியலில் நூறு ரூபாய் போடுகிறவனைப் பற்றி இயேசு ஆண்டவர் என்ன நினைப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, பிடியரிசிக் கலயம். வீட்டுக்கு ஒரு கலயம் வைப்போம். அன்பியம் கூடும் நாளில் எல்லாருடைய அரிசியும் ஒரே மூட்டையில் சேரட்டும். ஆள் தெரியாமல் சேர்ந்தது, ஆள் தெரியாமலே போய்ச் சேரவேண்டும். ரேஷன் அரிசி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். அரிசியாகவே கொடுக்க வேண்டும் என்பதில்லை. விற்றால் ஒரு பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், ஒரு பெரியவருக்கு மாத்திரை, ஒரு கர்ப்பிணிக்கு முட்டை. அதைவிடப் பெரிய பயன் இன்னொன்று உண்டு. நாள்தோறும் சமைக்கும்போது, இந்தத் தெருவில் இன்று யாருக்குக் கஷ்டம் என்று ஒரு நிமிடம் நினைக்க அந்தக் கலயம் நமக்குக் கற்றுக்கொடுக்கும்.

மூன்றாவது, காகிதம். சிரிக்காதீர்கள். இன்று பல குடும்பங்களுக்குக் கிடைக்கவேண்டியது கிடைக்காமல் போவது ஒரு காகிதம் இல்லாததால்தான். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தில் பெயர்ப் பிழை. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் என்று தமிழக அரசு 2025 செப்டம்பரில் 'அன்புக் கரங்கள்' திட்டத்தைத் தொடங்கியது. இப்படி ஒரு திட்டம் வந்தது என்று பாட்டியின் பராமரிப்பில் இருக்கிற பிள்ளைக்கு யார் சொல்வது? படித்த இளைஞர்களே, ஒரு பகல் வேளையை ஒதுக்குங்கள். அந்தப் பாட்டியோடு இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் கூடப் போங்கள். வரிசையில் அவருக்குப் பதிலாக நில்லுங்கள். அதுவும் ஒரு செபமாலைதான்.

நான்காவது, பள்ளியை விட்ட பிள்ளை. ஜூன் மாதத்தில் பையும் சீருடையும் கொடுப்பது எளிது. அரையாண்டுத் தேர்வுக்குப் பின் வராமல் போகிறவனைத் தேடிப் போவது கடினம். நான் மூன்று வாரம் கழித்துப் போனேன். நீங்கள் மூன்றாம் நாளே போங்கள். சூளையில் முன்பணத்துக்காக ஒரு குடும்பத்தைப் பிடித்து வைத்திருந்தால், அது குற்றம் என்று 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் சொல்கிறது, கோட்டாட்சியரிடம் முறையிடலாம். பிள்ளைக்கு அடியோ ஆபத்தோ என்றால் 1098 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கே மனப்பாடம் செய்து வையுங்கள். கோயில் மண்டபத்தில் மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை இரண்டு விளக்கு எரியட்டும். யாராவது ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கட்டும். வீட்டில் படிக்க முடியாத பிள்ளைகள் அங்கே வந்து படிக்கட்டும். எந்தக் கோயிலுக்குப் போகிற பிள்ளை என்று கேட்க வேண்டாம்.

ஐந்தாவது, நோயாளியோடு கூட இருப்பது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் நம் மக்கள் போகிறார்கள். சிகிச்சைக்குக் காசு பெரிதாக ஆகாது. ஆனால் கூட இருக்க ஆள் வேண்டும். ஆள் போனால் அன்றைய கூலி போகும். வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவது? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் சோறு போட்டு, தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புகிற ஒரு தாய், ஒரு மருத்துவர் செய்வதில் பாதியைச் செய்கிறாள்.

இவையெல்லாம் நம்மால் முடியுமா என்று சந்தேகப்பட வேண்டாம். முடியும் என்று நாமே காட்டியிருக்கிறோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. நம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் மிதந்தது. அரசு பின்னர் குடும்பத்துக்கு 2,000 ரூபாய் அறிவித்தது. ஆனால் அந்த முதல் இரவில், மின்சாரம் இல்லாத இருட்டில், முழங்கால் தண்ணீரில் பக்கத்து வீட்டுக் கிழவியைத் தோளில் தூக்கி வந்தவர்கள் யார்? இருந்த மாவைக் கரைத்து ஊற்றி எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் தோசை கொடுத்தவர்கள் யார்? நம்மைப் போன்றவர்கள்தாம். அன்று யாரும் தெருவைக் கேட்கவில்லை, மதத்தைக் கேட்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் பழைய கோடுகள் மறுபடியும் தெரிய ஆரம்பித்துவிட்டன. புயல் நாளில் நமக்கு வந்த நல்ல புத்தி, வெயில் நாளிலும் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

அன்றாட வாழ்வில் காசு செலவில்லாத சிறு சிறு அன்புச் செயல்கள் இன்னும் எத்தனையோ. கடன்பட்டவனைச் சந்தையில் பார்த்தால் பிறர் காதில் விழும்படி கடனைக் கேட்காதிருப்பது. கல்யாணப் பந்தியில் பழைய சட்டை போட்டவரையும் முதல் வரிசையில் உட்கார வைப்பது. குடிகாரன் மனைவியிடம், "உன் வீட்டுக்காரன் நேற்று எங்கே கிடந்தான் தெரியுமா?" என்று சொல்லாமல், "சாப்பிட்டியா அம்மா?" என்று கேட்பது. இவற்றுக்கு ரசீது கிடையாது. மலரில் பெயர் வராது. ஆனால் வாங்கிக்கொண்டவர் மறக்கமாட்டார்.

யூபிலி என்பது என்ன?

யூபிலி என்றால் கொடி, தேர், வாணவேடிக்கை என்று நினைக்கிறோம். அவை இருக்கட்டும், திருவிழா வேண்டியதுதான். ஆனால் பழைய ஏற்பாட்டில் ஐம்பதாம் ஆண்டை யூபிலி ஆண்டாக ஆண்டவர் ஏற்படுத்தியது எதற்காக? இழந்த நிலம் உரியவனுக்குத் திரும்ப வேண்டும். அடிமைப்பட்டவன் விடுதலையாகித் தன் குடும்பத்திடம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. ஏழையின் வீட்டில் எக்காளம் ஒலிக்கவேண்டிய ஆண்டு அது. அகில உலகத் திருச்சபையும் 2025-ஆம் ஆண்டை யூபிலி ஆண்டாகக் கொண்டாடியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2017 முதல் ஆண்டுதோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை உலக வறியோர் நாளாகக் கொண்டாட வைத்தார். அந்த நாளில் ஏழைகளுக்கு விருந்து போட்டதைவிட, அவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து அவர் உண்டதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இந்த யூபிலியின் நினைவாக ஒரு கல்வெட்டு வைப்பீர்கள். நல்லது. அதோடு, இந்த மாலைப் பொழுதில் உங்களிடம் இரண்டே இரண்டு வரங்கள் கேட்கிறேன். நாளைக் காலையில் தாய்மார்கள் அரிசியை அளந்த பிறகு, அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து ஒரு கலயத்தில் போடுங்கள். ஆண்கள் இந்த வாரமே, இதுவரை ஏறாத ஒரு வீட்டு வாசலில் ஏறுங்கள். ஒன்றும் கொண்டுபோக வேண்டாம். திண்ணையில் உட்காருங்கள். பிள்ளை என்ன படிக்கிறது என்று கேளுங்கள். அந்த வீட்டம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தால், இரண்டு கையாலும் வாங்கிக் குடியுங்கள்.

அன்று நான் குடிக்காமல் வந்த தண்ணீரின் தாகம் இன்னும் எனக்குத் தீரவில்லை. அந்தத் தாகம் உங்களுக்கு வேண்டாம்.

இறைவன் இந்தப் பங்கையும், உங்கள் குடும்பங்களையும், உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.